ஆர்லிஸ் உட்காரும் பக்கம்

ஹோபர்ட் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வர ஆரம்பித்த அன்றுதான் ஒலீட்டாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை ஆர்லிஸ் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த இரண்டு வருஷமும் மனுஷன் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான். அப்படிப்பட்டவன் ஒரு நவம்பர் சாயங்காலம் மர மில்லிலிருந்து வந்து, வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தி, செக்கச் செவேலென்ற முகத்தோடு சிரித்தபடி இறங்கினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பயம் வராது? இறங்கியவன் நேரே உள்ளே வரவும் இல்லை. வண்டியைச் சுற்றிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு மெதுவாகச் சாத்தினான்.

"யாருக்குய்யா கதவைத் திறந்து விடுற?"

"யாருக்கும் இல்ல. தலை வலிக்குது. காபி குடு."

அன்றைக்கு விட்டுவிட்டாள். மறுநாளும் அதே சிரிப்பு, அதே தலைவலி. மில்லிலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேரப் பாதை. அவன் ஒரு மணி நேரம் கழித்து வந்தான், பிறகு ஒன்றரை மணி நேரம். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அவன் தட்டில் பீன்ஸை ஊற்றிச் சோள ரொட்டியை வைத்தவள், கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எவ வீட்டுக்குய்யா போயிட்டு வர்ற?"

ஹோபர்ட் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, மழை வருகிறது என்பதுபோலச் சொன்னான். "ஆர்லிஸ் வர்றான் ஒலீ. வண்டியில."

ஒலீட்டா லேசுப்பட்டவள் இல்லை. டர்ட்டில் ஓடைக்கரையில் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், அதன் ரிப்பேரில் பாதியைத் தன் கையாலேயே பார்த்தவள். பேய் பிசாசு என்றால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். ஆனாலும் அந்தப் பெயரை அந்த மேசையில் கேட்டதும் கரண்டி கைநழுவி விழுந்தது.

அந்த பிக்கப் ஆர்லிஸினுடையது. எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி; அந்த ஊர் வழக்கப்படி ஸ்டியரிங் இடப்பக்கம், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை. முதல் சம்பளத்தில் வாங்கி, பச்சை அடித்து, அப்பனையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றியவன் அவன். ஒரு பிப்ரவரி சனிக்கிழமை இருவரும் மேலே மலை முகட்டில் மரம் வெட்டப் போவதாக இருந்தது. அப்பனுக்குப் பல்வலி. பிள்ளை தனியாகப் போனான். வெட்டிய மரம் வேறு பக்கம், அவன் மேலேயே சாய்ந்துவிட்டது. மற்றவர்கள் போய்ப் பார்க்கும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஜனவரி கடைசியில் ஹோபர்ட் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓடைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். வண்டி மெதுவாகத்தான் வந்திருக்கிறது, அடி எதுவும் இல்லை. ஆனால் ஆள் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தான், எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா ஒலீட்டாவை வெளியே கூட்டி வந்து சொன்னார்.

"ரத்தம் பூராவும் இன்ஜின் புகைம்மா. வாசனையே தெரியாது, ஆளைத் தூங்க வச்சே கொல்லும். தலைவலி, செவந்த மூஞ்சி, இல்லாததெல்லாம் கண்ணுல தெரியறது, எல்லாம் அதனாலதான். ரெண்டு நாள் ஆக்ஸிஜன்ல வைக்கிறோம். அந்த வண்டியைச் சரி பண்ணாம மறுபடி ஓட்டினாருன்னா அடுத்த தடவை இங்க கொண்டு வர வேண்டியிருக்காது."

பேயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வெறும் புகை. ஒலீட்டாவுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், முகமூடிக்குள்ளிருந்து ஹோபர்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வண்டியைத் தொடாத ஒலீ. கண்ணாடியை ஏத்தி ஹீட்டரைப் போட்டாத்தான் வர்றான்."

"அது புகைய்யா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"எதுவா இருந்தா என்ன? மொத நாள் பாலம் வரைக்கும் வந்தான். அப்புறம் பழைய பள்ளிக்கூடம் வரைக்கும். நேத்து முகட்டுப் பாதையில இருக்குற இரும்பு கேட்டு வரைக்கும் போனோம். 'இன்னும் கொஞ்சம் மேல போலாம்ப்பா'ன்னான். கேட்டு பூட்டியிருந்துச்சு, அதான் திரும்பிட்டேன். சாவிக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

கேட்டைத் தாண்டினால் மேலே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆளரவமில்லாத முகடு, ஒரு மரத்தின் அடிக்கட்டை, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின், ஏற்றிய கண்ணாடி. கையில் இருப்பது இரண்டு நாள். நேரே தம்பி டெல்மரின் பட்டறைக்குப் போனாள்.

டெல்மருக்கு வாய்தான் மூலதனம். வண்டியைப் பள்ளத்திலிருந்து இழுத்து வந்து பட்டறைக்குள் விட்டிருந்தவன், பானெட்டைத் தூக்கி விளக்கைக் காட்டினான்.

"பாரு அக்கா உன் சீதனத்தை. இது மேனிஃபோல்டு இல்ல, ஓட்டைப் பானை."

இன்ஜினின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, எரிந்த புகையை வாங்கிக் கீழே குழாய்க்கு அனுப்பும் கனத்த வார்ப்பிரும்புத் துண்டு. வலப்பக்கத்துத் துண்டில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். புகை அதன் வழியாகத்தான் வெளியேறி வண்டிக்குள் போயிருக்கிறது.

"பழைய வண்டிச் சந்தையில வேற ஒண்ணு எடுத்துப் போடேன்."

"மூணு பார்த்துட்டேன். மூணும் வெடிச்சதுதான். வயசான இரும்புக்கா, ஒண்ணு மாத்தி ஒண்ணு வெடிக்கும். ஹெடர் போட்டுரலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா எஃகுக் குழாய், கீழ போய் ஒண்ணா சேரும். பசங்க வேகத்துக்கும் சத்தத்துக்கும் போடுறானுங்க. நாம மச்சான் உசிருக்குப் போடுவோம்."

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தார்கள். இருபது வருஷம் சூட்டில் வெந்த போல்ட்டுகள் சும்மா கழன்றுவிடாது. முதலில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். டெல்மர் போல்ட்டில் உருக்கிவிட மெழுகுவத்தி தேடி வீட்டுக்குள் போனான். ஒலீட்டா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பட்டறைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. தன் பக்கத்துக் கண்ணாடியையும் முழுக்க இறக்கியிருந்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை.

இன்ஜின் டிக் டிக் என்று விரிசல் சத்தத்தோடு ஓடியது. குளிர்க் காற்று அவள் கழுத்தில் அடித்தது. தற்செயலாக வலப்பக்கம் திரும்பினாள்.

மறுபக்கத்துக் கண்ணாடியில், உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய வாய் உயரத்தில், உள்ளங்கையளவுக்குப் பனி பிடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பிறகு பரவியது. மறுபடி சுருங்கியது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். இன்ஜின் நின்ற பிறகும் கண்ணாடியில் நான்கு மூச்சு வந்து போயிற்று. அவள் எண்ணினாள். பிறகு கண்ணாடி தெளிந்து, வெளியே டெல்மர் மெழுகுவத்தியை ஆட்டிக்கொண்டு வருவது தெரிந்தது.

"என்னக்கா, வெளிறிப் போயிருக்க? மச்சான் கண்ட கனவு உனக்கும் வந்துருச்சா?"

"புகைடா. கொஞ்சம் மூக்குல ஏறிடுச்சு."

சொன்ன பதிலை அவளே நம்பினாள். நம்பித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் பதினாறு போல்ட். பதினைந்து வந்துவிட்டன. வலப்பக்கத்துக் கடைசி போல்ட் மட்டும் 'டப்'பென்று தலை முறிந்து, உடம்பு இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதுதானே வழக்கம். டெல்மர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தான். அது சிவக்கச் சிவக்க மெழுகுவத்தியை ஒட்டினான். மெழுகு உருகித் திருகு மரைக்குள் இறங்கியது.

"வாடி ராசாத்தி. மாமன் கூப்பிடுறேன்ல, வாடி வெளிய" என்று கொஞ்சிக்கொண்டே ஸ்பேனரைப் போட்டான். முனகிக்கொண்டு வந்தது. விரிசல் விழுந்த இரும்பை இருவருமாகத் தூக்கித் தரையில் போட்டார்கள்.

புகை உள்ளே எப்படி வந்தது என்று பார்க்க ஒலீட்டா வண்டிக்குள் குனிந்து, மறுபக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். துருப்பிடித்த பழைய வண்டி, தரையில் ஓட்டை இருக்கும் என்று எதிர்பார்த்ததுதான். துரு தின்ற ஓட்டை ஓரமெல்லாம் பிய்ந்து, பழுப்பாக இருக்கும். இது வட்டமாக இருந்தது. மூன்று துளை போட்டு, நடுவில் உளியால் வெட்டி எடுத்த ஓட்டை. ஓரம் பளபளவென்று புது வெள்ளியாக மின்னியது.

டெல்மர் எட்டிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து வாயை மூடாத பயல் அன்றைக்குத்தான் மூடினான்.

"துரு இல்லக்கா இது" என்றான் கடைசியில்.

"தெரியுது."

"மச்சான் தெரிஞ்சே..."

"தெரியுதுடா! வாயை மூடிக்கிட்டு வெல்டிங் மெஷினை எடு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முப்பது வருஷம் கூடப் படுத்தவன், மூச்சுக்கூட விடாமல் உளியும் சுத்தியலும் எடுத்துத் தன் சாவுக்கு வாசல் வெட்டியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல ஒரு ரப்பர் விரிப்பில் மறைத்திருக்கிறான். பெற்ற மனம் பித்து என்பார்கள். அம்மாவுக்கு மட்டும்தான் அது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஓட்டையின் மேல் தகடு வைத்து அடைத்தார்கள். பிறகு இன்ஜினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து ஜாக்கியால் இரண்டு அங்குலம் தூக்கி, ஹெடர்களைக் கீழிருந்து நுழைத்தார்கள். வலப்பக்கம் சமர்த்தாகப் போனது. இடப்பக்கம் ஸ்டியரிங் தண்டில் முட்டி மூன்று தடவை திரும்பி வந்தது. நான்காவது தடவை ஒலீட்டாவின் விரல் முட்டித் தோலை உரித்துக்கொண்டுதான் உள்ளே போனது. புகை கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட், புது போல்ட், பிளக் ஒயர்கள் குழாயில் படாமல் தள்ளிக் கட்டியாயிற்று.

சாவியைத் திருப்பியதும் புதுக் குழாயின் பெயிண்ட் வெந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அது அடங்க அரைமணி. டிக் டிக் சத்தம் போய்விட்டது. அதற்குப் பதிலாக அடித்தொண்டையில் ஓர் உறுமல். டெல்மர் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த புகை காட்டும் கருவியைக் கழற்றி வந்து இருக்கையில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டான். கருவி பூஜ்யம் காட்டியது.

"சுத்தம். அம்பது மைல் ஓடினதும் கொண்டு வரச் சொல்லு. புது கேஸ்கெட் அமுங்கிக் குடுக்கும், போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை முடுக்கணும். விட்டா லூசாகி மறுபடி புகை கக்கும்."

ஹோபர்ட் வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தான். விரிப்பைத் தூக்கித் தகட்டைத் தடவினான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனான். திரும்பி வந்தபோது முகம் காகிதமாக வெளுத்திருந்தது.

"வரல" என்றான். வாசல் படியிலேயே உட்கார்ந்தான். "ஹீட்டரைப் போட்டேன். பள்ளிக்கூடம் வரைக்கும் போனேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன் ஒலீ. வரல."

ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளை, பிள்ளையைப் புதைத்த அன்று அழாதவன், அன்றைக்கு அழுதான். ஒலீட்டா அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவன் அழ அழ அவளுக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. பிழைத்துக்கொண்டான், இனி பிழைத்துக்கொண்டான் என்று ஒரு சந்தோஷம். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

நான்கு நாள் ஒழுங்காக மில்லுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பினான். ஐந்தாம் நாள் மத்தியானம் தபால் கொடுக்கத் தபால்காரப் பெண் ஐனா வந்தாள்.

டர்ட்டில் ஓடைப் பாதையில் ஒரு பழக்கம். எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கில் இருக்கும் கையை எடுக்காமல் விரலை மட்டும் தூக்க வேண்டும். எதிர் வண்டியில் எத்தனை பேரோ அத்தனை விரல். ஒருத்தர் என்றால் ஒன்று, பெண்டாட்டியும் கூட இருந்தால் இரண்டு. குறைத்துத் தூக்கினால் மரியாதைக் குறைவு. அதற்காகவே இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தையை நிறுத்தியது உண்டு. ஐனா இந்தப் பாதைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஊர்க்காரர்களை விட அவள்தான் விரல் விஷயத்தில் கறார்.

"ஒலீட்டா அக்கா, உங்க வீட்டுக்காரரு ஏன் இப்படி உம்முனு போறாரு? நான் ரெண்டு விரல் தூக்குறேன், அவரு ஒரு விரல்கூடத் தூக்க மாட்டேங்குறாரே."

"ரெண்டா? அவர் மட்டும்தானே போறாரு."

"இல்லையே. பக்கத்துல ஒரு பையன் இருக்கான்ல. தாடி வச்சுக்கிட்டு, ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டு. தெனமும் பார்க்குறேன். அவனாச்சும் என்னைப் பார்க்குறான், சிரிக்க மாட்டேங்குறான்."

ஒலீட்டா தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஐனா ஆர்லிஸைக் கண்ணால் கண்டதில்லை. அவள் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அவன் போய்விட்டான். அவள் கார் நல்ல கார், அதில் புகையும் இல்லை, விரிசலும் இல்லை. மரம் வெட்டப் போகும்போது ஆர்லிஸ் போடுவது ஆரஞ்சுத் தொப்பி. அதோடுதான் அவனைக் கீழே தூக்கி வந்தார்கள்.

புகை பிள்ளையை உண்டாக்கவில்லை. அவன் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறான். புகை செய்ததெல்லாம் அப்பன் கண்ணைத் திறந்துவிட்டதுதான்.

"ஐனா, எனக்காக ஒண்ணு செய்வியா? எங்க வண்டி வந்தா ஒரு விரல் தூக்கு போதும்."

"அய்ய, அந்தப் பையன் கோவிச்சுக்க மாட்டானா?"

"மாட்டான். நான் அவன் அம்மா, சொல்றேன்ல. அவரு காதுல மட்டும் இதைப் போட்டுறாத. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

ஐனா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அவள் நல்ல பெண்தான். ஆனால் கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். ஒலீட்டாவினுடையது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு வருஷமாகக் கண் பார்த்ததை விரல் செய்து பழகிவிட்டது. அதற்குப் புதிதாக யார் போய்ப் பாடம் சொல்வது? மறுநாள் வெள்ளிக்கிழமை, பாலத்தின் மேல் எதிரெதிரே வந்தபோது அவள் தன்னையறியாமல் இரண்டு விரலைத் தூக்கினாள். அந்த ஒரு நாள் பார்த்து ஹோபர்ட் நிமிர்ந்து பார்த்தான்.

வீட்டுக்கு வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே ஒலீட்டாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஐனா ரெண்டு விரல் தூக்கினா."

"ஏதோ வழக்கத்துல தூக்கியிருப்பா."

"வண்டியை நிறுத்திக் கேட்டேன். முழிச்சா. அவளுக்குப் பொய் சொல்ல வரல." அவன் வாசலில் நின்ற வண்டியைக் கைகாட்டினான். "பக்கத்துலயே இருந்திருக்கான் ஒலீ. ஒரு வாரமா நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம வந்திருக்கேன். எம் புள்ள என்ன நெனச்சிருப்பான்? அப்பனுக்கு நம்மளைப் பிடிக்கலன்னு நெனச்சிருக்க மாட்டானா?"

"ஹோபர்ட்..."

"நீ அவனை வெரட்டல. என் கண்ணைத்தான் கட்டிட்ட."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையே. அவன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

"அம்பது மைல் ஆயிடுச்சு. போல்ட்டை முடுக்கணும்னான்ல உன் தம்பி. நானே முடுக்கிக்கிறேன்."

சமையலறை ஜன்னல் வழியாக ஒலீட்டா பார்த்துக்கொண்டு நின்றாள். முடுக்குகிற கை எந்தப் பக்கம் போகும், கழற்றுகிற கை எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? வெளியே ஓடினாள்.

"சாகப் போறியாய்யா? என்னைத் தனியா விட்டுட்டுப் போகணும்னு முடிவே பண்ணிட்டியா?"

"சாகப் பார்க்கல. அவனைப் பார்க்கணும். அவ்வளவுதான்." அவன் நிமிரவே இல்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்பு டேப் சுற்றிய ஒரு சாவி எட்டிப் பார்த்தது. முகட்டு கேட்டின் சாவி. "நாளைக்கு சனிக்கிழமை. அன்னைக்கு அவன்கூடப் போயிருக்க வேண்டியவன் நான். நாளைக்குப் போறேன்."

கத்தினாள், கெஞ்சினாள். சாவியைப் பிடுங்கப் பார்த்தாள், முடியவில்லை. டெல்மரைக் கூப்பிட்டு ஆளைக் கட்டிப்போடலாம். எத்தனை நாளைக்கு? டாக்டரம்மாவிடம் சொல்லலாம். என்னவென்று சொல்வது? படுக்கையில் அவன் பக்கத்தில் கண்ணை விழித்துக்கொண்டே கிடந்தாள். விடிந்ததும், அவன் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தரையெல்லாம் உறைபனி. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். பின்பக்கத்து நான்கு போல்ட் விரலாலேயே திரும்பின. நான்கையும் முடுக்கினாள். மீதிப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் முடுக்கினாள். உரிந்த முட்டியில் மறுபடி ரத்தம் வந்தது. தகட்டின் ஓரத்தை நெம்பியிருந்தான், அதைச் சுத்தியலால் அடித்துப் படிய வைத்தாள். பிறகு இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மறுபக்கத்துக் கதவைத் திறந்து, கதவை ஒட்டினாற்போல ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஹோபர்ட் வந்து பார்த்து அப்படியே நின்றான்.

"எறங்கு. அது அவன் இடம்."

"தெரியும். அதனாலதான் உட்கார்ந்திருக்கேன். இனிமே நீ எங்க போனாலும் நான் இங்கதான் உட்காருவேன். மில்லுக்குப் போனாலும் வருவேன், முகட்டுக்குப் போனாலும் வருவேன். கண்ணாடியை ஏத்தணும்னா ஏத்து, ரெண்டு பேரா சாவோம். அதுக்கு மனசு இருந்தா வண்டியை எடு."

அவன் சுற்றி வந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். கண்ணாடியைத் தொடவில்லை.

குளிர்க் காற்று முகத்தைக் கிழித்தது. ஹெடர் உறுமியது. பாலம் போயிற்று. பழைய பள்ளிக்கூடம் போயிற்று. பாதை மேலே முகட்டுக்கும் கீழே கடைத்தெருவுக்கும் பிரிகிற இடத்துக்கு இன்னும் கால் மைல் இருக்கும். அப்போதுதான் ஒலீட்டாவின் வலது தோளில் ஏதோ அழுத்தியது.

வலப்பக்கம் கதவுதான் இருக்கிறது. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கைகூட நுழையாது. ஆனாலும் ஒரு தோள் அங்கே இடம் தேடி அழுத்தியது. கனத்த, அகலமான தோள். ரம்பத்து எண்ணெய் வாசனையும் பச்சை மரத்தூள் வாசனையும் அடித்தது. அத்தனை காற்றிலும் அந்த வாசனை கலையவில்லை. காதோரம் சூடாக ஒரு மூச்சு பட்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா."

அதே குரல். கொஞ்சம் கரகரத்த, எப்போதும் பாதிச் சிரிப்போடு வரும் அதே குரல். அவள் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடத் துடித்தது. இரண்டு வருஷமாக இந்தக் குரலுக்காக எந்தச் சாமியிடம்தான் அவள் மண்டியிடவில்லை? நடு இருக்கை காலியாகத்தானே கிடக்கிறது. ஒரு ஜாண் நகர்ந்தால் போதும். மூன்று பேருமாக உட்காரலாம்.

நகர்ந்தால், யாருக்கு இடம் விடுகிறாய் என்று ஹோபர்ட் கேட்பான்.

"அம்மா. தள்ளிக்கோயேன்."

ஒலீட்டா கதவுக் கைப்பிடியை வெள்ளையாகும்வரை பிடித்துக்கொண்டாள். என் கண்ணே, என்று மனசுக்குள்ளேயே சொன்னாள். உன்னைக் காப்பாத்த எனக்குக் குடுத்து வைக்கல. இந்த மனுஷனையாவது எனக்கு விட்டுடு.

பாதை பிரிகிற இடத்தில் ஹோபர்ட் வண்டியை நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கதவுப் பக்கத்துக் காற்றைப் பார்த்தான். கண் தேடித் தேடி அலைந்தது, எதையும் பிடிக்கவில்லை.

"ஒலீ, உண்மையைச் சொல்லு. நீ எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. இருக்கானா? உனக்கு ஏதாச்சும் தெரியுதா?"

காதோரத்து மூச்சு நின்றது. பிள்ளையும் பதிலுக்காகக் காத்திருந்தான். தோள் அவள் தோளோடு தோளாக இருந்தது, உயிருள்ள உடம்பின் சூட்டோடு.

"இல்லய்யா" என்றாள் ஒலீட்டா. "இங்க யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

ஹோபர்ட் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு டேப் சுற்றிய சாவியை எடுத்து அவள் மடியில் போட்டான். வண்டியைக் கடைத்தெருப் பக்கம் திருப்பினான்.

அவள் வலது தோளில் பாரம் இல்லை. அந்தப் பக்கம் குளிர ஆரம்பித்தது.